வெறும் கார்பன் ஃபிரேமிலிருந்து முழு மவுண்டன் பைக்: முதல்முறையாகக் கட்டுபவர்களுக்கு

பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் கார்பன் ஹார்டெயில் ஃபிரேம் கையில் பாரமாகவே தெரியாது. பெரும்பாலானவை 1 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அன்று இரவே சக்கரங்களை மாட்டி நிறுத்திப் பார்க்க மனம் துடிக்கும். ஆனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, ஒரு தாளும் பேனாவுமாக முடிய வேண்டியது. எந்த உதிரிபாகம் பொருந்தும், எது பொருந்தாது என்பதை ஃபிரேம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. நம் விருப்பமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹார்டெயில் என்றால் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்பக்கம் விறைப்பானது. பின்னால் ஷாக்கும் அச்சாணி இணைப்புகளும் இல்லாததால், முதல்முறையாகக் கட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

படி 1: ஃபிரேமின் எண்களை எழுதுங்கள்

ஃபிரேம் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் நேராக எண்ணை எழுதுங்கள். ஒரு இடம் காலியாக இருந்தாலும் அதோடு தொடர்புடைய பாகத்தை வாங்காதீர்கள்.

முதலில் பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்கின் (பெடல் மாட்டும் கைகளின்) அச்சு சுழலும் இடம். ஃபிரேமில் மரை இருக்கிறதா, அழுத்திப் பொருத்தும் வகையா? மரை வகையில் 73 மி.மீ. அகலமுள்ள பிஎஸ்ஏ பரவலானது. அழுத்திப் பொருத்தும் வகையில் 92 மி.மீ. அகலமும் 41 மி.மீ. விட்டமும் கொண்ட பிபி92 அதிகம் தென்படும். இதோடு கிராங்கின் அச்சு விட்டமும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். ஷிமானோ கிராங்குகளுக்கு 24 மி.மீ., ஸ்ராமின் டப் வகைக்கு 28.99 மி.மீ. ஃபிரேமுக்கும் கிராங்குக்கும் ஒருசேரப் பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது பின் அச்சு. இப்போது வரும் ஹார்டெயில்களில் பெரும்பாலும் 12 மி.மீ. தடிமனும் 148 மி.மீ. அகலமும் உள்ள பூஸ்ட் அளவு. முன்னால் ஃபோர்க்கில் அதன் இணை 15 மி.மீ., 110 மி.மீ. பின் அச்சு ஃபிரேமோடு வந்துவிட்டால் நிம்மதி. வராவிட்டால் நீளத்தோடு மரை இடைவெளியையும் பார்த்து வாங்குங்கள். 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மூன்று வகை உண்டு. தவறான மரையைப் பலவந்தமாகத் திருகினால் ஃபிரேமுக்குள் இருக்கும் அலுமினியத் திருகுமரை போய்விடும்.

தலைக்குழாய்க்கு வருவோம். மேலே குறுகி, கீழே அகன்ற ஸ்டியரர் (தலைக்குழாய்க்குள் போகும் தண்டு) கொண்ட ஃபோர்க்குதான் இப்போது வழக்கம். மேலே 28.6 மி.மீ., கீழே சுமார் 40 மி.மீ. ஆனால் ஹெட்செட் (ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் தொகுதி) வகை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஐஎஸ்42, ஐஎஸ்52 என்று இருந்தால் பேரிங் நேராக ஃபிரேமுக்குள் உட்காரும். இசட்எஸ்44, இசட்எஸ்56 என்று இருந்தால் கிண்ணங்களை அழுத்திப் பொருத்த வேண்டும். இந்தக் குறியீட்டை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து ஊகிக்கக் கூடிய விஷயம் இல்லை இது.

ஃபோர்க்கின் டிராவல் (அது அமுங்கும் தூரம்) பற்றி ஒரு எச்சரிக்கை. 100 மி.மீ. டிராவலுக்கு வடிவமைத்த ஃபிரேமில் 120 மி.மீ. ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் உயர்ந்து, தலைக்கோணம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும். பாட்டம் பிராக்கெட்டும் மேலே போகும். தயாரிப்பாளர் 120 வரை அனுமதித்தால் தாராளமாகப் போடலாம். அதைத் தாண்டினால் தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் விழும் நெம்புவிசை கூடுகிறது. கார்பன் ஃபிரேமில் இந்த எல்லையோடு விளையாட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவை சுருக்கமாக: சீட்போஸ்ட் விட்டம் (27.2, 30.9, 31.6, 34.9 ஆகியவற்றில் ஒன்று), சீட் கிளாம்ப் விட்டம், பின் பிரேக் மவுண்ட் வகை, ரோட்டரின் (பிரேக் தட்டின்) குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு, செயின்ரிங்கில் அதிகபட்சம் எத்தனை பல், செயின்லைன் (ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் வரை உள்ள தூரம்) 52 மி.மீ.யா 55 மி.மீ.யா, டயர் அதிகபட்ச அகலம், டிரெய்லரை (பின் கியர் மாற்றியை) ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கரின் வகை. ஹேங்கர் யூடிஹெச் (யுனிவர்சல் டிரெய்லர் ஹேங்கர்) வகையாக இருந்தால் உதிரி கிடைப்பது எளிது. 2019இல் ஸ்ராம் கொண்டுவந்த பொது அளவு அது. இன்று பல நிறுவனங்கள் அதையே பயன்படுத்துகின்றன.

கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) வாங்கும்போது ஹப்பின் ஃப்ரீஹப் (கேசட் மாட்டும் பகுதி) எதுவென்றும் பாருங்கள். ஷிமானோவின் 10-51 பல் 12 வேக கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் வேண்டும், ஸ்ராமின் 10-50, 10-52 கேசட்டுகளுக்கு எக்ஸ்டி வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் இது ஃபிரேமின் பட்டியலில் இருக்காது.

படி 2: ஃபிரேமைச் சோதியுங்கள்

புதியதோ பழையதோ, எல்லா ஃபிரேமையும் சோதிக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் துணியால் துடைத்து விரிசல், பெயின்ட் மேடு, நகத்தில் தட்டுப்படும் கோடு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். செயின் விழுந்து உராயும் வலது செயின்ஸ்டேயையும் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்), சீட் கிளாம்ப் இறுக்கும் விளிம்பையும் தனியாகப் பாருங்கள். ஒரு நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் ஒலி சீராக மாறும். சுவர் தடிமன் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அந்த மாற்றம் இயல்பு. திடீரென்று ஒரே இடத்தில் மட்டும் ஒலி மந்தமாகிப் போனால் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கார்பன் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

தண்ணீர்ப் பாட்டில் திருகுமரைகளில் ஒரு திருகை விட்டுப் பாருங்கள். மரையே சேர்ந்து சுழன்றால் அது ஃபிரேமில் தளர்ந்துவிட்டது. பாகங்கள் மாட்டுவதற்கு முன் சரிசெய்வதுதான் எளிது.

கார்பனின் இயல்பு ஒன்றை இங்கே மனதில் வைக்க வேண்டும். நார்கள் நீளவாக்கில் இழுபட்டால் அசாத்திய வலிமை. ஆனால் மெல்லிய சுவரைப் பக்கவாட்டில் நசுக்கினால் அந்த வலிமை உதவிக்கு வராது. ஆகவே ஒர்க் ஸ்டாண்டில் குழாயைப் பிடித்து மாட்டவே கூடாது. சீட்போஸ்ட்டைப் போட்டு அதைப் பிடியுங்கள். டிராப்பர் (ஓட்டும்போதே உயரம் மாற்றக்கூடிய சீட்போஸ்ட்) என்றால் மேலேறி இறங்கும் பளபளப்பான பகுதியை விட்டு, வெளியே தெரியும் கீழ்ப்பகுதியை மட்டும். அதற்கு இடம் போதாவிட்டால் பழைய சாதாரண போஸ்ட் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளலாம்.

தேவையான கருவிகள்

ஆலன் கீ செட், டார்க்ஸ் டி25, இரண்டு டார்க் ரெஞ்ச்: ஒன்று 2 முதல் 15 நியூட்டன் மீட்டர் வரை, இன்னொன்று 60 வரை. பாட்டம் பிராக்கெட் கருவி, கேசட் கருவி, செயின் கட்டர், கேபிள் கட்டர், ஹோஸ் கட்டர், ஸ்டியரர் அறுக்க வழிகாட்டிச் சட்டமும் ஹேக்சாவும். கிரீஸ், கார்பன் பேஸ்ட், நீல நிற திரெட்லாக்கர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பட்டியலில் எதைக் குறைத்தாலும் சின்ன டார்க் ரெஞ்சைக் குறைக்காதீர்கள். கை அனுபவம் உள்ளவர்கள்கூட 5 நியூட்டன் மீட்டரை 8 ஆக இறுக்கிவிடுவது சர்வசாதாரணம், அந்த 3தான் கார்பனை நசுக்கும்.

கிரீஸும் கார்பன் பேஸ்ட்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. உலோக மரைகளுக்குக் கிரீஸ். கார்பன் ஃபிரேமுக்குள் போகும் சீட்போஸ்ட், கார்பன் ஹேண்டில்பார் பிடிக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பேஸ்ட். அதில் உள்ள நுண்ணிய துகள்கள் குறைந்த இறுக்கத்திலேயே நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அலுமினிய போஸ்ட்டும் கார்பன் ஃபிரேமும் ஈரத்தில் நேரடியாக உரசிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து ஒட்டிக்கொள்ளும். பேஸ்ட் அதையும் தடுக்கிறது.

படி 3: முதலில் ஃபிரேமின் உள்ளே

என் முதல் கட்டுமானத்தில் பாட்டம் பிராக்கெட்டை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத்தான் டிராப்பர் கேபிளைக் கோர்க்கப் போனேன். கேபிள் உறை உள்ளே பேரிங் உறையில் முட்டி நின்றது. புதிய பாட்டம் பிராக்கெட்டைத் தட்டி வெளியே எடுத்ததில் பேரிங் பாழானது. அன்றிலிருந்து குழாய்க்குள் போக வேண்டிய எல்லாவற்றையும் கோர்த்து முடிக்காமல் வேறெதையும் நான் மாட்டுவதில்லை.

மூன்று உறைகள் உள்ளே போகும்: பின் பிரேக் ஹோஸ், கியர் உறை, டிராப்பர் உறை. மின்னணு கியர் என்றால் நடுவில் உள்ளது இல்லை. சில ஃபிரேம்களில் உள்ளேயே வழிகாட்டிக் குழாய் வார்த்திருப்பார்கள். ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் வந்துவிடும். இல்லாவிட்டால் காந்தக் கம்பி செட் பயன்படுத்துங்கள். வழிகாட்டிக் குழாய் இல்லாத ஃபிரேமில், ஒவ்வொரு உறைக்கும் மேலே மென்மையான ஃபோம் உறையைப் போட்டே உள்ளே தள்ளுங்கள். இல்லையென்றால் கரடுமுரடான பாதையில் ஃபிரேமுக்குள் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்த எல்லாவற்றையும் மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும்.

பிரேக் ஹோஸ் போக வேண்டுமானால் லீவர் பக்கம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். காலிப்பர் (ரோட்டரைப் பிடிக்கும் பிரேக் பாகம்) பக்கத்திலிருந்து தொடங்கி முன்னால் கொண்டுவாருங்கள். முனையை டேப்பால் அடைத்தால் எண்ணெய் ஃபிரேமுக்குள் சிந்தாது.

ஹோஸ்கள் ஹெட்செட் வழியாகப் போகும் ஃபிரேம்கள் இப்போது அதிகம் வருகின்றன. பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் மேல் பேரிங்கை மாற்ற வேண்டி வந்தால் பிரேக் ஹோஸையே கழற்ற வேண்டிய நிலை வரும். முதல் கட்டுமானத்துக்கு, கீழ்க்குழாயின் பக்கத்தில் துளை உள்ள ஃபிரேமையே நான் பரிந்துரைப்பேன்.

படி 4: ஹெட்செட், ஃபோர்க், அறுத்தால் திரும்பாத குழாய்

கிரவுன் ரேஸை (கீழ்ப் பேரிங் அமரும் வளையத்தை) ஃபோர்க் ஸ்டியரரின் அடியில் உட்கார வையுங்கள். பிளவு உள்ள வகை கையாலேயே நழுவி இறங்கும், பிளவில்லாததற்கு உரிய குழாய்க் கருவி வேண்டும். கிண்ணங்கள் அழுத்திப் பொருத்தும் வகையானால் ஹெட்செட் பிரஸ் மட்டுமே. சுத்தியல் வேண்டாம். பேரிங்குகளின் சாய்ந்த முகம் எந்தப் பக்கம் என்று பார்த்து, மெல்லிய கிரீஸ் தடவி வையுங்கள்.

இப்போது ஃபோர்க்கை நுழைத்து, மேல் மூடி, ஸ்பேசர்கள், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) எல்லாவற்றையும் அடுக்குங்கள். ஸ்டெமுக்குக் கீழே 20 முதல் 30 மி.மீ. ஸ்பேசர் வைத்துத் தொடங்குவது நல்லது. ஓட்டிப் பார்த்தபின் ஸ்டெமைக் கீழே இறக்கி ஸ்பேசரை மேலே மாற்றிக்கொள்ளலாம். குட்டையாக அறுத்துவிட்டால் திரும்ப வழியில்லை. ஃபோர்க் தலைக்குழாயில் முழுவதுமாக உட்கார்ந்திருக்கிறதா என்று தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தபிறகு, மேல் ஸ்பேசர் அல்லது ஸ்டெமின் மேல் விளிம்பில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு 3 மி.மீ. கீழே அறுக்க வேண்டும். இந்த 3 மி.மீ. இடைவெளிதான் மேல் மூடியின் திருகு பேரிங்குகளை அழுத்த இடம் கொடுக்கிறது. மறுநாள் காலையில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு அறுங்கள் என்று சொல்வேன்.

வழிகாட்டிச் சட்டத்தில் பிடித்து, நுண்பல் ஹேக்சாவால் நிதானமாக அறுங்கள். அரத்தால் உள், வெளி விளிம்புகளை மழுக்குங்கள். அலுமினிய ஸ்டியரருக்கு ஸ்டார் நட்டை (மேல் மூடித் திருகு பிடிக்கும் நட்டை) மேல் விளிம்பிலிருந்து சுமார் 15 மி.மீ. கீழே நேராக இறக்க வேண்டும். கார்பன் ஸ்டியரருக்கு ஸ்டார் நட் கூடாது, விரியும் பிளக்தான். கார்பனை அறுக்கும்போது முகக்கவசம் அணிந்து, ஈரத் துணி சுற்றி அறுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இறுக்கும் வரிசையில் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்டெமின் பக்கத் திருகுகள் தளர்ந்திருக்கும்போதே மேல் மூடித் திருகை இலேசாகத் திருகுங்கள். ஆட்டம் போனதும் நிறுத்திவிட்டு, ஸ்டெமை முன்சக்கரத்துக்கு நேராக்கி, பக்கத் திருகுகளை மாறி மாறி 5 நியூட்டன் மீட்டர் அளவில், அல்லது ஸ்டெமில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். மேல் மூடித் திருகின் வேலை ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. ஸ்டெமைப் பிடித்து நிறுத்துவது பக்கத் திருகுகள்.

படி 5: பாட்டம் பிராக்கெட்டும் கிராங்கும்

பிஎஸ்ஏ வகையில் செயின் பக்கக் கிண்ணம் இடதுமரை. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். மறுபக்கம் வழக்கமான மரை. மரைக்குக் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு இணங்காவிட்டால் கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். கழற்றி மறுபடி வையுங்கள். ஷிமானோ கிண்ணங்களுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர்.

அழுத்தும் வகைக்குத் துளையைத் துடைத்துச் சுத்தமாக்கி, பிரஸ் கருவியால் ஒவ்வொரு பக்கமாக நேராக இறக்குங்கள். கிரீஸா, ஒட்டும் திரவமா என்பதை ஃபிரேம் தயாரிப்பாளர் சொல்வதுபடி செய்யுங்கள்.

கிராங்க் ஷிமானோ என்றால் இடது கையின் பிளாஸ்டிக் மூடியை விரலால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, இரண்டு பக்கத் திருகுகளையும் மாறி மாறி 12 முதல் 14 வரை. டப் கிராங்குக்கு ஒரே பெரிய திருகு, 54 நியூட்டன் மீட்டர். செயின்ரிங்குக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

படி 6: சக்கரங்கள்

கேசட் லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர். சென்டர் லாக் ரோட்டருக்கும் அதே 40. ஆறு திருகு ரோட்டர் என்றால் நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்குங்கள். ரோட்டரின் முகத்தை விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடையுங்கள்.

ட்யூப்லெஸ் டேப் ஒட்டுவதற்கு முன் ரிம்மின் உட்பக்கத்தை ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக இழுத்து, விளிம்பு முதல் விளிம்பு வரை ஒட்டுங்கள். வால்வ் துளையை ஊசியால் குத்தித் திறந்தால் போதும். கத்தியால் கீறினால் கிழிசல் பெரிதாகிக் காற்று கசியும். வால்வ் நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். வழியில் பஞ்சராகி ட்யூப் போட நேர்ந்தால் கழற்ற முடிய வேண்டும். 29 அங்குல டயருக்குச் சுமார் 100 மி.லி. சீலன்ட். டயரும் ரிம்மும் அனுமதிக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றடியுங்கள். டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும்போது டப் டப் என்று கேட்கும்.

படி 7: பிரேக்

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, ஹோஸ் இழுபடாத நீளத்தில் வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும். புதிய ஆலிவ் (ஹோஸைச் சுற்றி இறுகும் வளையம்), புதிய பார்ப் (ஹோஸ் முனைக்குள் செருகும் குழல்) போட்டு லீவரில் இணையுங்கள். பழைய ஆலிவை மறுபடி பயன்படுத்தினால் கசியும்.

காற்றை வெளியேற்றும் முறை பிரேக்குக்குப் பிரேக் வேறு. திரவத்தில் மட்டும் கவனம் பிசகக் கூடாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டாட் 5.1, புதிய சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுவிடும், பிரேக் செயலிழக்கும். லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். திரவ வேலை முடியும் வரை பேட்களை வெளியே எடுத்து வேறு அறையில் வையுங்கள்.

காலிப்பரைத் தளர்வாக மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்தபடி இரண்டு திருகுகளையும் மாறி மாறி 6 முதல் 8 வரை இறுக்கினால் பெரும்பாலும் ரோட்டரின் நடுவில் வந்து நிற்கும்.

படி 8: கியரும் செயினும்

ஹேங்கரை மாட்டுங்கள். யூடிஹெச் ஹேங்கரின் திருகு இடதுமரை, 25 நியூட்டன் மீட்டர். செயின் நீளத்துக்கு, டிரெய்லரைத் தவிர்த்து, மிகப் பெரிய கேசட் பல்சக்கரத்தையும் செயின்ரிங்கையும் சுற்றிச் செயினைப் பிடித்து, சந்திக்கும் இடத்திலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் கூடுதல் கண்ணிகளைச் சேர்க்க வேண்டும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கம் அமுங்கும்போது செயின் நீளத் தேவை மாறும். ஹார்டெயிலில் அந்தத் தலைவலி இல்லை.

கேபிள் கியரை இந்த வரிசையில் சரிசெய்யுங்கள். கேபிள் மாட்டுவதற்கு முன்பே ஹெச் என்ற திருகால், டிரெய்லரின் மேல் புல்லி மிகச் சிறிய பல்லுக்கு நேராக வரட்டும். பிறகு கேபிளைக் கட்டி, இழுவையைக் கூட்டிக் குறைத்துக் கியர்கள் சத்தமின்றி ஏறி இறங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எல் என்ற திருகால், மிகப் பெரிய பல்லைத் தாண்டிச் செயின் ஆரக்கம்பிக்குள் விழாதபடி தடுங்கள். கடைசியாக பி-திருகு. மேல் புல்லிக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அது அமைக்கிறது. 12 வேக அமைப்பில் கியர் ஏறத் தயங்கினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஸ்ராம் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் தருகிறது, ஷிமானோ டிரெய்லரிலேயே கோடு போட்டிருக்கிறது. கண்மதிப்பை நம்பாமல் இவற்றைப் பயன்படுத்துங்கள்.

படி 9: உட்காரும் இடமும் பிடிக்கும் இடமும்

டிராப்பர் போஸ்ட்டை மாட்டி, அதன் குறைந்தபட்சச் செருகல் கோடு ஃபிரேமுக்குள் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் கிளாம்ப் 5 நியூட்டன் மீட்டர் அளவில். டிராப்பர் மெதுவாக ஏறினாலோ சிக்கினாலோ முதலில் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அதிக இறுக்கம் வெளிக்குழாயை நெருக்குவதுதான் அடிக்கடி காணும் காரணம். ஹேண்டில்பார், கிரிப், சேடில் எல்லாம் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி. பெடலில் இடது பக்கம் இடதுமரை.

முதல் ஓட்டம்

ஃபோர்க்கில் காற்றடித்து, வழக்கமான உடையோடு ஏறி நின்று, ரப்பர் வளையம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். டிராவலில் 15 முதல் 20 சதவீதம் போதும். 100 மி.மீ. ஃபோர்க்கானால் 15 முதல் 20 மி.மீ. பிறகு சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், 20 முறை பிரேக் பிடித்துப் பேட்களைப் பழக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹெட்செட்டில் 'டக்' என்று தட்டினால் படி 4இன் கடைசி வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாத் திருகுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். புதிய பாகங்கள் தம் இடத்தில் அமரும்போது சில திருகுகள் தளர்வது இயல்பு.

சில நாட்களில் எங்கிருந்தோ கிரீச் என்று ஒரு சத்தம் வரலாம். கார்பன் குழாய்கள் சத்தத்தை எடுத்துச் செல்வதால், எது கத்தினாலும் பாட்டம் பிராக்கெட் கத்துவதுபோலவே கேட்கும். நேராக அதைக் கழற்றப் போகாதீர்கள். நின்றுகொண்டு மிதிக்கும்போது சத்தம் நின்றால் சேடிலும் சீட்போஸ்ட்டும்தான். மிதிக்காமல் ஹேண்டில்பாரை மட்டும் அசைத்து வருகிறதென்றால் ஸ்டெம். இரண்டும் இல்லையா, பின் அச்சை எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பிறகு பெடல், அதன்பின் செயின்ரிங் திருகுகள், ஹேங்கர். எல்லாம் பார்த்தும் சத்தம் போகாவிட்டால்தான் பாட்டம் பிராக்கெட்.